மெக்கார்வியை மாற்றுவார்களா?

"அண்ணை, மெக்கார்வியை மாத்துவாங்களோ, வைச்சிருப்பாங்களோ? நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

தொலைபேசியில் கேட்டவர் கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் நவரத்தினம். கேட்கப்பட்டவர் ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்து நான்காம் மாடியில், ஒரு கையில் ரிசீவரும் மறு கையில் பாதி கடித்த ரோல்ஸுமாக நின்ற கனகலிங்கம். மெக்கார்வி என்பது ஆளா, காரா, வீட்டைச் சூடாக்கும் புதுவகைக் கொதிகலனா என்று அவருக்குத் தெரியாது.

தெரியாது என்று சொல்லவும் ஏலாது. நவரத்தினத்தின் மகன் மதீசனுக்கும் கனகலிங்கத்தின் மகள் ஆரணிக்கும் சம்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சாதகம் பொருந்திவிட்டது. பிள்ளைகள் கணினியில் கதைத்து, இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்தும் போய்விட்டது. மிச்சம் இருந்தது தகப்பன்மார் இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போவது மட்டும்தான். ஆபத்தும் அங்கேதான் இருந்தது.

இதற்கு முன் வந்த மூன்று சம்பந்தங்களும் கனகலிங்கத்தின் வாயால் முறிந்தவை. பாண் சுடும் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவர், லண்டன் மாப்பிள்ளையின் தகப்பனிடம், "உங்கட நாட்டுப் பாணை மெத்தைக்குள்ள அடைக்கலாம்" என்று சொல்லி ஒன்றரை நிமிடத்தில் ஒரு கல்யாணத்தை நிறுத்தியவர். அது குடும்பச் சாதனை.

ஆகவே இந்த முறை மனைவி ரஞ்சினி மிகுந்த கவனத்தோடு இருந்தார். சாதகத்தோடு அனுப்பிய குடும்பப் படத்தைக்கூட இரண்டு தரம் எடுக்கவைத்தார். முதல் படத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் கனகலிங்கத்தின் மொட்டையில் பட்டுத் தெறித்ததில் பக்கத்தில் நின்ற இருவரும் காணாமல் போயிருந்தார்கள். இரண்டாவது படத்துக்கு அவர் பழைய சாமான் சந்தையில் இரண்டு யூரோவுக்கு வாங்கிய நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். முன்னால் ஏதோ ஒரு பறவைத் தலை தைத்திருந்தது. ரஞ்சினி அதைக் காகம் என்றார். கனகலிங்கம் கிளி என்றார். படம் போய்ச் சேர்ந்த கிழமைதான் இந்தத் தொலைபேசி அழைப்பு.

"அவர் என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லுங்கோ" என்பது ரஞ்சினியின் கட்டளை. ஆனால் மாற்றுவார்களா, வைத்திருப்பார்களா என்ற கேள்விக்கு 'ஓம்' என்று எப்படிப் பதில் சொல்வது?

"மாத்தத்தான் வேணும்" என்றார் கனகலிங்கம்.

மறுமுனையில் நவரத்தினம் ஒரு தரம் செருமினார்.

"அண்ணை சொன்னால் அதில ஒரு விசயம் இருக்கும். அடுத்த ஞாயிறு விளக்கமாக் கதைப்பம்."

ரிசீவரை வைத்துவிட்டு அவர் நேரே மகளிடம் போனார். ஆரணி கணினியில் தேடிப் பார்த்துச் சொன்னாள்.

"பேஸ்போல், அப்பா. மெக்கார்வி ரொறன்ரோ ரீமில பந்து எறியிற ஆள். ஜூலை முப்பத்தொண்டுக்குள்ள ஒரு ரீம் தன்ர ஆக்களைக் குடுத்து மற்ற ரீமின்ர ஆக்களை வாங்கலாம். அதுவரைக்கும் ஆர் ஆரை மாத்துவினம் எண்டு அந்த ஊர் முழுக்க இதே கதைதானாம்."

"ஆக்களை எண்டால், மனிசரையோ?"

"ஓம்."

"அவனைக் கேக்காமலோ?"

"கன பேர் ரேடியோவில கேட்டுத்தான் அறியிறவையாம். காலமை ஷேவ் எடுக்கேக்க."

"அப்ப அவன்ர மனிசி, பிள்ளையள்?"

"பின்னால பெட்டி கட்டிக்கொண்டு போவினம்."

கனகலிங்கம் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அகதியாக ஏழு எல்லை கடந்து வந்த மனிதர். அப்படிப்பட்டவருக்கே நெஞ்சு திக்கென்றது.

"உந்த மதீசன் உனக்கு முதலே சொல்லேல்லையோ, தன்ர தகப்பன் உப்பிடிப் பேஸ்போல் விசரன் எண்டு?"

"நாங்கள் பேஸ்போல் கதைக்கிறேல்லை அப்பா" என்றாள் ஆரணி. பிறகு குரல் தணிந்தது. "அப்பா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. இதைக் குழப்பிப் போடாதேங்கோ."

அது 2006ஆம் ஆண்டு. கால்பந்து உலகக் கிண்ணம் ஜெர்மனியிலேயே நடந்துகொண்டிருந்தது. பால்கனிதோறும் கொடி. நாய்களுக்குக்கூட மூவர்ணச் சட்டை. எட்டுக் கோடிப் பேர் கொண்ட நாட்டில் அந்த மாதம் பேஸ்போலை நினைத்துச் சாப்பாடு இறங்காமல் இருந்தவர் கனகலிங்கம் ஒருவர்தான்.

இல்லை, இன்னொருவன் இருந்தான். அவன் பெயர் ஊவே. தொழிற்சாலையில் பக்கத்து அடுப்பில் நிற்பவன், நாற்பத்தேழு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க் கழகமொன்றில் பேஸ்போல் விளையாடுவான். பார்வையாளர்கள் ஆட்டக்காரர்களின் ஒன்பது மனைவிமாரும் ஒரு நாயும். நாயும் பாதியில் எழுந்து போய்விடும்.

இருபது வருடமாக அவனிடம் யாரும் பேஸ்போலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. "ஊவே, மெக்கார்வியை என்ன செய்யலாம்?" என்று கனகலிங்கம் கேட்டபோது அவன் கண் கலங்கிவிட்டது. அடுப்பில் நாற்பது பாண் கருகியது. இருவருமே கவனிக்கவில்லை. மூன்று இடைவேளைகள் அவன் சொல்லச் சொல்ல, கனகலிங்கம் மாவுப் பையின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு தொலைபேசியில் மாவுப் பை பேசியது.

"மெக்கார்விக்கு வயசு போட்டுது. அவனைக் குடுத்து, ரண்டு இளம் ஆக்களும் ஒரு இடக்கை எறிகாரனும் வாங்க வேணும்."

"ஆஹா" என்றார் நவரத்தினம். ஏதோ கடதாசியில் எழுதும் சத்தம்கூடக் கேட்டது.

அந்த 'ஆஹா'வோடு கனகலிங்கம் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அவருடைய வாய்க்கு ஒரு 'ஆஹா' கிடைத்துப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

"ஆனால் உங்கட ரீமுக்கு உண்மையான குறை வேற. பின்னால குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறவன். நல்ல ஒருத்தன் வேணும்."

"ஆரை எடுக்கலாம் அண்ணை?"

மாவுப் பையைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தில் 'கோதுமை, 25 கிலோ' என்று மட்டும் இருந்தது. உலகத்தில் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவர்களில் அவருக்குத் தெரிந்தவன் ஒரே ஒருவன்.

"ஊவே பிரிங்க்மன்."

மறுமுனையில் கடதாசிகள் புரண்டன. அந்த நேரத்துக்குள் கொழும்பிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல் ஹம்பேர்க் வந்து சரக்கு இறக்கியிருக்கலாம்.

"உந்தப் பேரை இஞ்ச ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார் நவரத்தினம். "எங்கை விளையாடுறார்?"

"இஞ்சதான். பீலெஃபெல்டில."

"உங்களுக்குப் பழக்கமோ?"

"நல்ல பழக்கம்."

"அப்ப முப்பதாந்திகதி நாங்கள் பொம்பிளை பாக்க வரேக்க, அவரையும் ஒருக்காப் பாக்க வேணும் அண்ணை."

பக்கத்தில் நின்று கேட்ட ரஞ்சினி, அவர் ரிசீவரை வைத்ததும் பாய்ந்தார். "பொம்பிளை பாக்க வாங்கோ எண்டால் வெள்ளைக்காரனைப் பாக்க வருகினமோ? என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்?"

"நான் சரிக்கட்டிறன்" என்றார் கனகலிங்கம். வீட்டில் எல்லோரையும் நடுங்கவைக்கும் சொற்கள் அவை.

மறுநாளே ரொறன்ரோவுக்கு எடுத்து, ஊவேக்கு முழங்காலில் காயம், எழும்பி நடக்கவே ஏலாது என்று சொன்னார். நவரத்தினம் பதறிப்போய் மனைவி மகாதேவியிடம் போனைக் கொடுத்தார்.

"ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அண்ணை" என்றார் மகாதேவி. "முழங்காலுக்கு எண்டு நான் காய்ச்சிற எண்ணெய் ஒண்டு இருக்கு. கொண்டு வாறன். நானே பூசி விடுறன்."

இப்போது ஊவே வரவும் வேண்டும், நொண்டவும் வேண்டும். கனகலிங்கம் அடுப்படியில் அவனை ஒதுக்கமாக அழைத்து, "முப்பதாம் திகதி ரொறன்ரோவிலிருந்து ஒருவர் வருகிறார். உன்னைப் பார்க்க வேண்டுமாம்" என்றார். நொண்டும் பகுதியைச் சொல்வதற்குள் ஊவே அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான்.

"ரொறன்ரோவிலிருந்தா? என்னையா? கடைசி நாளுக்கு முதல் நாளா?"

அவன் என்ன விளங்கிக்கொண்டான் என்று கனகலிங்கத்துக்கு அப்போது தெரியவில்லை. அன்றிலிருந்து ஊவே பியரைத் தொடவில்லை. மூன்று கிழமையில் எட்டுக் கிலோ குறைந்தான். வேலைக்கு ஓடி வந்தான், வீட்டுக்கு ஓடிப் போனான். முகாமையாளரிடம், "ஓகஸ்டிலிருந்து என்னை எதிர்பார்க்க வேண்டாம்" என்று கைகுலுக்கிவிட்டும் வந்தான்.

முப்பதாம் திகதி, ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி. கதவைத் திறந்ததும் நவரத்தினம் கைகூப்பினார். பிறகு கனகலிங்கத்தின் தலையைப் பார்த்தார். முகம் மாறியது.

"எங்கையண்ணை தொப்பி?"

வீட்டு வாசலில் வைத்து ஒரு மனிதனின் மொட்டையை இப்படியா கேட்பது? கனகலிங்கம் அதிர்ந்துபோனார். லண்டன்காரருக்குக் கொடுத்ததுபோல ஒன்று நாக்கின் நுனிவரை வந்தது. ஆரணியின் முகத்தைப் பார்த்தார். விழுங்கிக்கொண்டு உள்ளே போய்த் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். நவரத்தினத்தின் முகம் தெளிந்தது.

பலகாரம் வந்தது, தேத்தண்ணி வந்தது. மதீசன் ஆரணியைப் பார்த்தான், ஆரணி தட்டத்தைப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்து ஐந்து நிமிடம். அப்போது மணி அடித்தது.

ஊவே நின்றான். முகத்தில் இரும்புக் கம்பிக் கவசம், நெஞ்சில் பஞ்சுக் கவசம், முழங்காலில் கவசம், ஒரு கையில் தோல் கையுறை. மறு கையில் பெரிய பயணப்பெட்டி. நாளைக்குக் கடைசி நாள் அல்லவா.

ரஞ்சினியின் கையிலிருந்த பாயாசக் கிண்ணம் கீழே விழுந்தது.

மகாதேவிதான் முதலில் எழுந்தார், எண்ணெய்ப் போத்தலோடு. "முழங்காலைக் காட்டச் சொல்லுங்கோ."

"உன் முழங்காலைப் பார்க்க வேண்டுமாம்" என்று ஜெர்மனில் சொன்னார் கனகலிங்கம், கண்ணால் நொண்டச் சொல்லிக்கொண்டே.

மருத்துவப் பரிசோதனை என்று ஊவே நினைத்தான். பெட்டியை வைத்துவிட்டு, நடுக்கூடத்தில் நாற்பது தரம் குந்தி எழும்பினான். ஒவ்வொரு தரமும் வீடு குலுங்கியது. கீழ்வீட்டுக்காரி கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையை இடித்தாள். சுவரில் இருந்த பிள்ளையார் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"காயம் எண்டு சொன்னியள்?" என்றார் மகாதேவி.

"மாறிட்டுது" என்றார் கனகலிங்கம். "உங்கட எண்ணெய் வீட்டுக்குள்ள வந்த ராசி."

மூச்சு வாங்கிக்கொண்டு ஊவே கவசத்தை நெற்றிக்குத் தூக்கினான். நேரே நவரத்தினத்தின் முன்னால் போய் நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டான்:

"எனக்குப் பதிலாக யாரைக் கொடுக்கப் போகிறீர்கள்? மெக்கார்வியையா?"

நவரத்தினத்தின் முகம் கோதுமை மாவு நிறத்துக்குப் போனது. கனகலிங்கத்தை நோக்கி மெல்ல விரலை நீட்டினார்.

"அதை அண்ணைதான் சொல்ல வேணும்."

அறையில் இருந்த அத்தனை கண்களும் கனகலிங்கத்தின் மேல் திரும்பின. கள்ளனைக் கையும் மெய்யுமாகப் பிடித்துவிட்டார், வாயால் சொல்ல வைத்து அவமானப்படுத்தப் பார்க்கிறார் என்றே கனகலிங்கம் நினைத்தார். குசினி வாசலில் ஆரணி நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. நாலாவது சம்பந்தம்.

அவருக்கு அதற்கு மேல் ஏலவில்லை.

"எனக்குப் பேஸ்போல் தெரியாது" என்றார். "ஒரு சொல்லும் தெரியாது. இந்த மனிசன் என்னோட பாண் சுடுறவர். சொன்னதெல்லாம் இவர் சொல்லித் தந்தது. நீங்கள் அதில விருப்பம் எண்டு கண்டு, பிள்ளையின்ர காரியம் குழம்பக்கூடாதெண்டு நடிச்சனான்." தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதுகூட மொட்டையை மறைக்க இரண்டு யூரோவுக்குச் சந்தையில வாங்கினது. கோவிக்கிறதெண்டால் என்னைக் கோவியுங்கோ. பிள்ளையில ஒரு பிழையும் இல்லை."

கீழ்வீட்டுத் தும்புத்தடிகூட ஓய்ந்துவிட்டது. நவரத்தினம் எழுந்தார். கனகலிங்கத்தைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த தொப்பியையே, அதன் முன்னால் தைத்திருந்த பறவைத் தலையையே, பேயைக் கண்டவர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகாதேவி எண்ணெய்ப் போத்தலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் புருசன் பக்கம் திரும்பினார்.

"இஞ்சேருங்கோ, படத்தில எங்கட ரொறன்ரோ ரீமின்ர இந்தத் தொப்பியைக் கண்டுட்டு, பொம்பிளையின்ர தகப்பன் அந்த ரீமில விசராம் எண்டுதானே, ஒண்டும் தெரியாத நீங்கள் ஆறு கிழமையாப் பேஸ்போல் பாடமாக்கினீங்கள்?"