மூக்கடைத்த குரலுக்கு ஒரு மன்னிப்பு

"அம்மா, நீ பேசினது எதுவும் எனக்கு வரல. ஊர் உலகத்துக்கே போயிருக்கு!" என்றாள் அனுசியா, கோயம்புத்தூரிலிருந்து போனில்.

முத்துசெல்வியின் விரல்களுக்கிடையே பாதி சுற்றிய பீடி அப்படியே நின்றது.

"எதைட்டி சொல்லுத?"

"புத்தகத்துக்குக் கீழ ஒரு மைக் படம் இருக்குல்லா, அதை அழுத்தி அழுத்திப் பேசியிருக்கியே. அது கருத்து சொல்லுத இடம்மா. யாரு வேணாலும் கேக்கலாம்."

ஆறு மாதமாக குற்றாலம் பக்கத்து மேலகரத்து வீட்டில் முத்துசெல்வியின் மடியில் பீடித் தட்டும், காதில் ஒலிப்புத்தகமும்தான். கோயம்புத்தூருக்கு வேலைக்குக் கிளம்பும்போது மகள், அம்மாவின் போனில் அதைப் போட்டுக் கொடுத்து, "கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஒரு புத்தகம் முடிந்தால், அதே ஆள் வாசித்த அடுத்த புத்தகம் தானாகவே ஓடும். வாசிப்பவன் பெயர் ஜெஸ்வின். வேறு ஆளுக்கு மாற்ற முத்துசெல்விக்குத் தெரியாது. அதனால் துப்பறியும் கதை, பேய்க் கதை, ராஜா கதை, சமையல் என்று பதினோரு புத்தகங்களை அவன் குரலிலேயே கேட்டு முடித்திருந்தாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் மைக்கை அழுத்தி, மகளிடம் பேசுவதாக நினைத்து மனதில் பட்டதைக் கொட்டினாள்.

துப்பறியும் கதைக்கு: "போலீசுக்கும் கொலைகாரனுக்கும் ஒரே குரலு. யாரு யாரைப் பிடிச்சான்னே வெளங்கல. செத்துப்போன வேலைக்காரிக்குப் பிள்ளைக இருந்திருக்கும்லா? அதை எவனும் கேக்கல."

வாழ்க்கையில் முன்னேற வழி சொல்லும் புத்தகத்துக்கு: "அஞ்சு மணிக்கு எந்திரிச்சா பெரிய ஆளாயிரலாம்னு சொல்லுதான். நான் இருபது வருசமா நாலு மணிக்கு எந்திரிக்கேன். ஒரு மணி நேரம் முந்திட்டேன் போல."

ராஜா கதைக்கு: "நாலு மணி நேரமாச் சண்டை. நான் ஒரு தட்டுப் பீடி சுத்தி முடிச்சுட்டேன். ஒருத்தனும் ஒரு வாய் சோறு திங்கல."

சமையலுக்கு: "தேங்காயை அரைக்கச் சொன்னான். எப்பப் போடணும்னு சொல்லாமலே குழம்பை இறக்கிட்டான். நான் அரைச்சதை வச்சுக்கிட்டு இன்னும் நிக்கேன்."

பேய்க் கதைக்கு: "மூக்கடைச்ச குரல்ல இவன் கூப்பிட்டா பேயி எப்படிம்மா வரும்?"

குழந்தைகளுக்கான யானைக்குட்டிக் கதைக்கு மட்டும் அவள் எதுவும் சொல்லவில்லை. மைக்கை அழுத்தினாள், பேச்சு வரவில்லை. அன்று பீடியும் சரியாகச் சுற்றவில்லை.

"இப்ப அந்த ஜெஸ்வினே உனக்குப் பதில் எழுதியிருக்காரு" என்றாள் அனுசியா.

"என்னன்னு?"

"'அக்கா, உங்களுக்கு எந்த ஊர்?' அப்படின்னு."

முத்துசெல்வி பீடித் தட்டை ஒதுக்கி வைத்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவன் சுடலைமணியிடம் சொன்னாள். அவன் குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். சட்டம் தெரியும் என்று ஸ்டாண்டில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு.

"ஊரைக் கேக்கானா? அப்ப கேஸ்தான்" என்றான். "தொழில் செய்யுத ஆளை மூக்கடைச்சவன்னு சொன்னா சும்மா விடுவானா?"

"இப்ப என்ன செய்ய?"

"நல்லா இருக்குன்னு மாத்திச் சொல்லிரு. முடிஞ்சுது."

அவன் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டிருக்க, முத்துசெல்வி மைக்கை அழுத்தினாள். "தம்பி, உங்க குரலு வெண்கல மணியாட்டம் இருக்கு. பேய்க் கதையைக் கேட்டு நான் நடுங்கிப் போயிட்டேன்..."

"யாரை ஏட்டி சொல்லுத, அந்த மூக்கடைச்ச பயலையா?" என்றான் சுடலைமணி, வாய் நிறையச் சோற்றோடு.

அவள் பதறிக் கையை எடுத்தாள். எடுத்ததும் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது.

"அழிங்க! சீக்கிரம் அழிங்க!"

சுடலைமணி கையைக் கைலியில் துடைத்துவிட்டுப் போனை வாங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்தினான். கடைசியில் ஒரு நட்சத்திரம் மஞ்சளாக மின்னியது.

"பாத்தியா? நட்சத்திரமே குடுத்துட்டேன். இனிமே ஒண்ணும் பேச மாட்டான்."

ஐந்து நிமிடத்தில் அனுசியா கூப்பிட்டாள். "ஏம்மா ஒரு ஸ்டார் போட்ட? அஞ்சுக்கு ஒண்ணு! அதைவிட மட்டமாப் போடவே முடியாது!"

இனிமேல் இந்த மனிதரை நம்பிப் பயனில்லை என்று முத்துசெல்வி தானே முடிவு செய்தாள். அவன் சவாரிக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மைக்கை அழுத்தினாள்.

"தம்பி, மன்னிச்சிருங்க. இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கு ஊரு மதுர. ரொம்ப தூரம். நீங்க தேடி வந்துராதீங்க..."

வாசலில் மினி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பஸ் கதவைத் தட்டிக் கத்தினார்:

"மேலகரம் எறங்கு! குத்தாலம், அஞ்சருவி ஏறு!"

அதுவும் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. போனைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்தாள். மகள் கூப்பிட்டால் மட்டும் எடுப்பாள். ஆனால் பீடி சுற்றும்போது காது சும்மா இருந்தது. எதிர்வீட்டு மிக்சி, தெருவில் மீன்காரர், கூரைத் தகரத்தில் சாரல், எல்லாம் கேட்டது, ஒன்றும் ஒட்டவில்லை. ஆறு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ஒரு ஆள் சொல்லாமல் எழுந்து போனது போல இருந்தது. போகச் சொன்னது தான்தான் என்று நினைத்தபோது இன்னும் சங்கடமாக இருந்தது.

பத்தாவது நாள், சனிக்கிழமை. மினி பஸ்ஸிலிருந்து ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். "கதை கேட்டுக்கிட்டே பீடி சுத்துத அக்கா வீடு எது?" என்று விசாரித்தார்கள். தெருவே கை நீட்டியது.

ஜன்னல் வழியாகப் பார்த்த முத்துசெல்வி உடனே கணவனைக் கூப்பிட்டாள். கேஸ் என்று வந்தால் முதல் ஆளாக நிற்பேன் என்றிருந்தவன் போனை எடுக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"முத்துசெல்வி இங்க இல்ல. மதுரைக்குப் போயிட்டா."

இளைஞன் சிரித்துவிட்டான். "மூக்கைப் பொத்திப் பேசினா யாருன்னு தெரியாதாக்கா? அது என் குரலுல்லா?"

நேரிலும் அதே குரல். அதே அடைப்பு. முத்துசெல்விக்குக் கை தானாகக் கீழே இறங்கியது.

"உள்ள வாங்க" என்றாள். சாரலில் நனைந்து நின்றவர்களிடம் வேறென்ன சொல்வது? துண்டை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கையோடு பேச ஆரம்பித்தாள்.

"தம்பி, நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். மகள்கிட்ட பேசுதோம்னு நினைச்சு என்னென்னவோ பேசிட்டேன். கேஸ் கீஸ்னு போயிராதீங்க. அந்த யானைக்குட்டி தாயைத் தேடிப் போகுமே, அதை நீங்க வாசிக்கும்போது எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு. நல்லதைச் சொல்ல வேண்டிய இடத்துல எனக்கு வாயே வரல."

ஜெஸ்வின் துண்டை விரித்தான். துண்டால் தலையைத் துவட்டாமல் முகத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குக் கோபம் தீரவில்லை என்று முத்துசெல்வி நினைத்தாள். "ஊர் உலகமே கேக்கும்னு தெரிஞ்சிருந்தா இப்படிப் பேசியிருப்பேனா? உங்க பொழப்பையே கெடுத்துட்டேனே தம்பி!"

அதுவரை குடையை மடக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி ஜாய் நிமிர்ந்தாள்.

"ஊர் உலகம் எங்கக்கா கேட்டுச்சு? பொண்டாட்டி நானே ரெண்டாவது புத்தகத்துல தூங்கிட்டேன். இவுக வாசிச்ச பதினொண்ணையும் கடைசி வரைக்கும் கேட்ட ஒரே ஒரு ஆளு யாருன்னு பாக்கத்தான் தூத்துக்குடியில இருந்து பஸ் ஏறி வந்திருக்கோம்!"