மேல்வீட்டு நாற்காலி வழக்கு

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் முழுதாக நம்பியதில்லை. சொன்னவர் கதாநாயகனின் மனைவி. கணவனைப் பற்றி மனைவி சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடலாம். எந்தப் பாதி என்பதில்தான் தூக்கம் கெடுகிறது.

கடிகாரம் பழுதுபார்க்கும் அந்த மனிதருக்கு ஊர் வைத்த பெயர் ‘வாய்தா’. வக்கீல் வைக்கமாட்டார், தானே வாதாடுவார். மீசையைக் கோணலாக நறுக்கிய முடிதிருத்துபவர் மேல் ஒரு வழக்கு. கொட்டாவி விட்டுத் தன்னையும் கொட்டாவி விடவைத்த பேருந்து நடத்துநர் மேல் இன்னொன்று. எல்லாம் தள்ளுபடி. கடைசியாக மாட்டியவர் மேல்வீட்டு நர்ஸம்மாள். காலையில் இவர் காபியைக் குறை சொல்ல வாயெடுத்தாலே மேலே நாற்காலியைக் கரகரவென்று இழுக்கிறாராம்.

"கேஸ் போடுங்க. உங்களை மாதிரி யாரு வாதாடுவா?" என்றார் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமல்.

நீதிபதி மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாற்காலிக்கெல்லாம் கோர்ட்டா? இனிமே உங்ககிட்டேர்ந்து எந்த மனுவும் வாங்கக் கூடாதுன்னு உத்தரவு போடப்போறேன். ஏதாவது சொல்லணுமா?"

வாய்தாவுக்கு நின்றுபோன கடிகாரத்தை ஓடவைக்கத் தெரியும். இந்தக் கதவு மூடினால்? உலகத்தில் அவர் பேச்சை உட்கார்ந்து கேட்ட ஒரே இடம் அதுதான். குமாஸ்தா பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

"ஐயா, தடை போட்டுடாதீங்க!"

பின்வரிசையில் மனைவி எழுந்து நின்றார். வாய்தாவுக்குக் கண் கலங்கியது.

"நீங்க யாரும்மா?"

"இவர் வீட்டுக்காரிங்க."

"இவர் கேஸ் போடுறது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"இவர் பேசறதைக் கேக்க உங்களுக்குச் சம்பளம் வருதுங்க. கதவை அடைச்சிட்டீங்கன்னா, அத்தனையும் வீட்டுல நான் சும்மா கேக்கணும்."

நீதிபதி முகத்தில் சிரிப்பில்லை. அவமதிப்பு என்று உள்ளே தள்ளிவிடுவாரோ? அவர் வாய்தாவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவரும் குடும்பஸ்தர்தானே.

நாற்காலி வழக்கு தள்ளுபடி. தடை இல்லை. ஆனால் இனி எந்த வழக்கானாலும், திங்கட்கிழமை காலை வரிசையில் நின்று, பதிவாளரிடம் வாயால் விளக்கி, அனுமதி வாங்கிய பிறகே மனு.

படியிறங்கும்போதே வாய்தா மீசையை முறுக்கினார். "பாத்தியா! கோர்ட்டே எனக்குன்னு ஒரு நாள் ஒதுக்கியிருக்கு!"

"ஒரு நாள்தானேன்னு இருக்கு" என்று பெருமூச்சு விட்டார் மனைவி.

அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் அந்த வீட்டில் தையல் மெஷின் மட்டும்தான் பேசுகிறது. அனுமதி ஒருதடவையும் கிடைத்ததில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் மேலே நாற்காலி இழுபடும். திங்கள் தவறாமல் வாய்தா கிளம்பிவிடுவார்.

போன வாரம் வாய்தாவின் மனைவியிடம் சட்டைக்கு அளவு கொடுக்கப் போனேன். மேல்வீட்டு நர்ஸம்மாள் அங்கே பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வாய்தாவின் மனைவியிடமே கேட்டுவிட்டேன்:

"அதெல்லாம் சரி அக்கா, கீழே அவர் காபியைக் குறை சொல்லப்போற நேரம் மாடியில இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"