சோபாவில் செத்த துரை

ஒரு சோபாவுக்கு ஒரு கதைதான் இருக்க முடியும் என்று இருபத்திரண்டு வயதில் நான் முழு மனதாக நம்பினேன். சோபா மாறாதவரை வீடு மாறாது, வீடு மாறாதவரை குடும்பம் மாறாது, குடும்பம் மாறாதவரை கதையும் மாறாது. இப்போது எழுதிப் பார்க்கும்போதுகூட இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று சட்டென்று பிடிபடுவதில்லை. ஆனால் இந்த நம்பிக்கையால் ஒரு துரைக்கு ஜலதோஷம் பிடித்தது. என் கல்யாணம் ஆறு மாதம் தள்ளிப்போனது.

யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்தி, கொல்லிமலையில் தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தேன். ஆபீசில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிற வேலை. அதுவும் நிரந்தரம் இல்லை, ஆறு மாதம் பார்த்துவிட்டுச் சொல்வதாகத் துரை வைத்திருந்தார். அடிவாரத்தில் பாவாயி என்ற பெண்ணை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவளுடைய அப்பா, "வேலை நெலையாகட்டுங்க மாப்பிள்ளை, அன்னிக்கே முகூர்த்தம் குறிச்சுப்புடலாம்" என்று சொல்லிவிட்டார். ஆக, வேலையும் பாவாயியும் துரையின் ஒரே கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது.

என் இங்கிலீஷைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எழுதச் சொன்னால் அச்சுப்போல எழுதுவேன். மற்றவர்கள் பேசுவது, துரை என்னிடம் பேசுகிற மாதிரி மெதுவாக, விரலை ஆட்டி ஆட்டிப் பேசினால்தான் புரியும். இதில் முதல் பாதியை மட்டும் துரையிடம் சொல்லியிருந்தேன்.

சேலம், ஏற்காடு, திருச்சி என்று அங்கங்கே இருந்த வெள்ளைக்காரர்கள் வருஷம் ஒருமுறை கூடி, ஊருக்கு ஒரு குழுவாக, அரைமணி நேரத்தில் முடிகிற குட்டி இங்கிலீஷ் நாடகங்கள் போடுவார்கள். யாருக்கும் நடிப்புத் தொழில் இல்லை. தோட்டக்காரர், ரயில்வே அதிகாரி, டாக்டர், அவர்கள் வீட்டுப் பெண்கள், அவ்வளவுதான். கடல் கடந்து வந்து கிடப்பவர்களுக்கு அது ஓர் ஆறுதல் போலிருக்கிறது. அந்த வருஷம் அது எங்கள் தோட்டத்தில் நடந்தது. இந்த விவரமெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. (சொன்னார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.) துரைமார் கூத்துப் போடுகிறார்கள் என்று மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்த கூத்து, விடிய விடிய ஓடும் ஒரே கதை.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. விருந்தாளிகளில் பாதிப்பேர் டோலியில் வந்தார்கள், மீதிப்பேர் நாக்குத் தள்ள நடந்து வந்தார்கள். சாமான் எல்லாம் தலைச்சுமை. சோபா ஒன்றுக்கு மட்டும் எட்டு ஆள். இன்னொரு சோபா தூக்கச் சொன்னால் எட்டுப் பேரும் ஓடிவிடுவார்கள் என்பதால், நாலு குழுவுக்கும் அதே சோபா, அதே மேஜை, அதே கதவு, அதே பழுப்புக் கோட்டு, ஒட்டிக்கொள்ள அதே மீசை.

தூக்கி வந்தவர்கள் மலைக்காரர்கள். அவர்களுடைய ஊர்க்கவுண்டர் துரையிடம் வந்து நின்றார். "தூக்கியாந்தது நாங்க. என்னத்துக்குத் தூக்குனோம்னு நாங்களும் பாக்கறமுங்க" என்றார். துரைக்கு ஏக சந்தோஷம். "நீ அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல். நன்றாகச் செய்தால் திங்கட்கிழமை உன் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன். எல்லாம் புரியுமல்லவா?" என்றார்.

எல்லாம் புரியும் என்றேன்.

பனிமூட்டம் இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று மத்தியானமே ஆரம்பித்துவிட்டார்கள். காப்பி காயப்போடும் களத்தில் மேடை. முன்னால் நாற்காலிகளில் வெள்ளைக்காரர்கள், பின்னால் ஜமுக்காளத்தில் மலைக்காரர்கள், நடுவில் நான். எங்கள் துரையை மட்டும் காணவில்லை. விருந்தாளிகளைக் கவனிக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

திரை விலகியது. மீசை வைத்த ஒருவர் பழுப்புக் கோட்டோடு உள்ளே வந்தார், தொப்பியைக் கழற்றினார், ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்தார்.

"ஏனுங்க ரைட்டரே, இது யாருங்க?" என்றார் கவுண்டர்.

நியாயமான கேள்வி. கூத்தில் வேஷக்காரன் வந்ததும் தான் யார், எந்த நாட்டு ராஜா என்று பாடிச் சொல்லிவிடுவான். இந்த மனுஷன் மூச்சு விடவில்லை.

"பெரிய துரைங்க" என்றேன்.

"பேரு சொல்லாம ஊட்டுக்குள்ள வாராரு?"

"அவுங்க மொற அப்படிங்க."

அந்த ஒரு வாக்கியம் என்னை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகப்போகிறது என்று அப்போது தெரியாது. மேடையில் ஒரு பெண்மணி வந்தாள். அவள் பேச்சு ஆலங்கட்டி மழை மாதிரி கொட்டியது. அதில் என் கைக்கு அகப்பட்டது ஒரே வார்த்தை: டீ. அதைப் பெரிய துரையின் சம்சாரம் என்று அறிமுகப்படுத்தினேன். (டீயை அல்ல, பெண்மணியை.) பெரிய துரை கடிதத்தை மறுபடி படித்தார், நெஞ்சைப் பிடித்தார், சோபாவில் சாய்ந்தார். திரை.

"போயிட்டாருங்க" என்றேன் தாழ்ந்த குரலில்.

முன்னால் முப்பது பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கவுண்டர் முகம் சுருங்கியது. "சாவுக்கு எதுக்குங்க சிரிக்கறாங்க?"

"அவுங்க மொற அப்படிங்க."

(மாமியார் வருகிறாள் என்று கடிதம் வந்திருந்ததாம். வெறும் மயக்கம்தானாம். மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.)

கவுண்டர் எழுந்து போய் வீட்டிலிருந்து ஒரு புது வேட்டி எடுத்து வந்தார். ஊர் நோன்பிக்கு வாங்கி வைத்தது. கூத்தில் செத்தாலும் சாவு சாவுதான், ஆள் யாராயிருந்தாலும் நம்ம மலையில் செத்தவருக்குக் கோடி போடாமல் விட முடியாது என்றார். வேட்டியை மேடை விளிம்பில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். பெண்கள் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

மறுபடி திரை விலகியது. அதே சோபா. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் அந்தக் கோடி வேட்டியை அன்பளிப்பு என்று நினைத்து, சோபாமேல் அழகாக விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாலிபன் அவள் முன்னால் மண்டிபோட்டு மோதிரம் நீட்டினான். எனக்கு எல்லா வெள்ளைக்காரிகளும் ஒரே முகம். கணக்குச் சுலபமாக இருந்தது.

"முண்டச்சிக்கு மறுகண்ணாலமுங்க."

"கோடி மேல உக்காந்தா?"

"அவுங்க மொற..."

"கருமாதி?"

"வெரசா முடிச்சிருவாங்க."

கவுண்டர் சம்சாரம் அந்தப் பெண்ணைப் பார்த்து ஒரு நொடிப்பு நொடித்தாள். மூன்றாம் தடவை திரை விலகியபோது ஒரு போலீஸ்காரர் சோபாவுக்கு அடியில் எதையோ தேடினார். இரண்டு கிழவிகள் அலறினார்கள். கதை அப்படியே என் கண்முன் கூடி வந்தது: கடிதம், சாவு, அவசரக் கல்யாணம், போலீஸ். "கொலைங்க" என்றேன். "நான் அப்பவே நெனச்சனுங்க" என்றார் கவுண்டர். ஜமுக்காளத்தில் ஒருவரும் அசையவில்லை. என் ஆயுளில் நான் சொன்ன எதையும் அத்தனை பேர் அப்படிக் கேட்டதில்லை. எனக்கே என்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

நாலாவது தடவை திரை விலகியது. பனி இறங்கிவிட்டது. எங்கள் தோட்டத்துத் துரைசானி சோபாவில் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டு, பழுப்புக் கோட்டும் மீசையுமாக, சீட்டியடித்தபடி பெரிய துரை உள்ளே வந்தார். குளிருக்கு இதமாக, தன் கோடி வேட்டியையே எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார்.

ஜமுக்காளமே எழுந்து நின்றது.

"ரைட்டரே, இவரு செத்தவருதானுங்களே?"

எனக்கும் புரியவில்லை. ஆனால் எல்லாம் புரிந்தவனாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் இப்போது எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை, கையெழுத்து, பாவாயி எல்லாம் கண்முன் சுற்றின. "ஆமாங்க" என்றேன்.

"எழுப்புனது யாருங்க?"

"யாரும் எழுப்பலீங்க. அவரா வந்துட்டாரு."

"அது ஆகாதுங்களே. கூத்துல செத்தவர மஞ்சத்தண்ணி தெளிச்சு எழுப்போணும். எழுப்பாம நடமாட உட்டா மலைக்கு ஆகாது. துரைசானியம்மா வேற பக்கத்துல உக்காந்திருக்குது. என் பேத்திக்குக் காய்ச்சல்ல மருந்து குடுத்த மகராசிங்க அது. எழுப்பிப்புடலாங்களா?"

இந்த இடத்தில், வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். கையை நீட்டித் தடுத்திருந்தாலும் போதும்.

"எழுப்பிருங்க" என்றேன்.

துரையின் சமையல்கட்டிலிருந்தே மஞ்சள் வந்தது. ஒரு குடம் சுனைத் தண்ணீரில் கரைத்தார்கள். கவுண்டர் குடத்தோடு மேடை ஏறினார். தெளிக்கத்தான் கையை விட்டார். பிறகு, செத்து ரொம்ப நேரமாயிற்று, தெளித்தால் பத்தாது என்று தோன்றியிருக்க வேண்டும். குடத்தை அப்படியே தலையில் கவிழ்த்துவிட்டார்.

மீசை கழன்று விழுந்தது. மீசைக்குப் பின்னால் இருந்தது எங்கள் துரை. நாலாவது நாடகம் எங்கள் தோட்டத்துக் குழுவினுடையது.

துரை மூக்கிலிருந்து மஞ்சள் சொட்டச் சொட்ட, தனக்குத் தெரிந்த தமிழில், "ஏன் தண்ணி?" என்றார்.

கவுண்டர் பணிவாக, "எங்க மொற அப்படிங்க" என்றார்.

துரை என்னைத் தேடினார். நான் காப்பி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தேன். எப்போது அங்கே போனேன் என்பது இன்றுவரை ஞாபகமில்லை.

மேடையில் நிற்கவைத்து, "நீ இவர்களுக்கு என்ன சொன்னாய்?" என்று கேட்டார். சொன்னேன். பெரிய துரை, கடிதம், மறுகல்யாணம், கொலை, எல்லாவற்றையும் என் எழுத்து இங்கிலீஷில், 'பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று தொடங்கிச் சொன்னேன். ஓர் அம்மாள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவினாள். போலீஸ்காரராக வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துரை மட்டும் சிரிக்கவில்லை. "இப்போது இதைக் கவுண்டருக்குச் சொல்" என்றார்.

அதுதான் கஷ்டமாக இருந்தது. கவுண்டர் தன் துண்டால் துரையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். அது நாலு தனித்தனிக் கதை என்றும், யாரும் சாகவில்லை என்றும், எனக்கு ஒரு எழவும் புரியவில்லை என்றும் சொன்னேன். துவட்டின கை நின்றது. அதுவரை 'ரைட்டரே' என்று கூப்பிட்டவர், அதை விட்டுவிட்டு, "அப்பக் கோடி போட்டது?" என்றார். துரையின் தோளிலிருந்து அந்த வேட்டியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"செரி உடு கண்ணு. ஆரும் சாகலீன்னா நல்லதுதான்" என்று மஞ்சள் வேட்டியைப் பிழிந்து மடித்தார். பிறகு, ஆசையாக, "அந்தப் போலீசு சோபாவுக்கடியில என்னத்தத் தேடுனாரு?" என்று கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன். அன்றைக்குக் கவுண்டர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன முதல் நிஜமான பதில் அது.

சோபா மலை இறங்கியபோது கதையும் கூடவே இறங்கிவிட்டது. தூக்கிப்போன எட்டுப் பேரும் அடிவாரத்தில் பாவாயி வீட்டில்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தார்களாம். இப்போது எனக்கு ஐம்பது வயதாகிறது. இன்றைக்கும் மத்தியானம் கண்ணசந்து எழுந்தால் தலைமாட்டில் பாவாயி செம்போடு நிற்கிறாள். "ஏனுங்க, நீங்களா எந்திரிச்சிட்டீங்களா? எழுப்பாம நடமாடக் கூடாதுங்களே" என்கிறாள். பேரப்பிள்ளைகள் முறை வைத்து மஞ்சள் கேட்கிறார்கள்.

கடைசியில் வருகிறேன் என்றேனே, அது திங்கட்கிழமை காலையில் நடந்தது. துரை தும்மிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். நிரந்தரக் காகிதம் மேஜையில் இல்லை. இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். பிறகு விருந்தாளிகள் விட்டுப்போன ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "இதைப் படித்தாயா?" என்றார். நாலு நாடகம், நாலு குழு, யார் யார் எந்த வேஷம், எந்த நாடகத்துக்குப் பிறகு எந்த நாடகம் என்று எல்லாம் அதில் வரிசையாக இருந்தது. கடைசி நாடகத்துக்கு நேரே துரையின் பெயரும் இருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் முத்துமுத்தாக இருந்தது. விழாவுக்கு முந்தின வாரம் அதில் நாற்பது பிரதி எடுத்தார்கள். நாற்பதையும் எழுதியது நான்.