வாசல் இல்லாத மருத்துவமனை

ஏழு ஆறுகள் ஓடியும் குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத நாடு ஒன்று இருந்தது. அதன் பெயர் நலம்புரி. அங்கே யாழ்மொழி என்றொரு பொருளாதார ஆய்வாளர் இருந்தாள். அரசர் ஒரு சட்டம் போட்டால் மக்களின் உடம்புக்கு என்ன ஆகிறது என்று ஆராய்வதே அவள் வேலை.

படித்து முடித்த சூட்டில் அவள் எழுதிய முதல் கட்டுரை இப்படித் தொடங்கியது: 'சாவு குறைந்த மருத்துவமனையே நல்ல மருத்துவமனை.' அப்புறம் நாற்பது பக்கம் 'ஆனால்' போட்டு எழுதியிருந்தாள். நலத்துறை அமைச்சர் வல்லாளரோ எதிலும் முதல் வரியை மட்டுமே படிப்பவர். மறுவாரமே சட்டம் வந்தது. மருத்துவமனையில் நோயாளி இறந்தால் தலைமை மருத்துவருக்குச் சிறை.

மருத்துவர்கள் என்ன, விவரம் தெரியாதவர்களா? தடுமன், சேற்றுப்புண் என்று வந்தவர்களை மாலை போடாத குறையாக வரவேற்றார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடம், "பக்கத்து ஊர்ல பாருங்க" என்றார்கள். சாவு பாதியாகக் குறைந்தது. சட்டத்துக்கு விழா எடுத்தார்கள்.

யாழ்மொழி பதறிப்போனாள். தான் எழுதிய ஒரு வரி இத்தனை பேரைத் தெருவில் போட்டுவிட்டதே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து இரண்டாவது ஆய்வை முடித்தாள். இந்த முறை உஷாராக, சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே வைத்தாள்: 'மக்கள் மருத்துவமனை வாசலில் சாகிறார்கள்.'

அமைச்சர் படித்தார். முகம் சிவந்தது.

"வாசலில் சாவா? நமது பொற்கால ஆட்சியிலா? இனி இந்நாட்டில் எந்த மருத்துவமனைக்கும் வாசல் இருக்கலாகாது!"

கொத்தனார்கள் இரண்டே நாளில் எல்லா வாசலையும் சுவர் வைத்து அடைத்தார்கள். அரசு வேலை அவ்வளவு வேகமாக நடந்ததை நாடு அதற்கு முன் கண்டதில்லை. மருத்துவர்கள் ஏணி போட்டு ஜன்னல் வழியாக வேலைக்குப் போனார்கள். நோயாளிகள் ஏணியில் ஏறத் தடை. விழுந்து செத்துவைத்தால் யார் பதில் சொல்வது? அந்த ஆண்டு மருத்துவமனைகளில் ஒரு சாவுகூட இல்லை. நாட்டின் தலைசிறந்த ஆய்வாளர் விருது யாழ்மொழிக்கு என்று அறிவித்தார்கள்.

அதை அவர்கள் முகத்திலேயே விட்டெறியலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் அதே வாரம் அவள் தங்கை செங்காந்தள் காய்ச்சலில் படுத்தாள். நான்காம் நாள் கண் செருகியது.

"அக்கா, உனக்குத்தான் அமைச்சரைத் தெரியுமே. சொல்லிப் பாருக்கா" என்று முனகினாள் தங்கை.

யாழ்மொழி மேடை ஏறினாள். அமைச்சர் பொன்னாடை போர்த்தினார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு விருதெல்லாம் வேணாங்கய்யா. என் தங்கச்சி சாகக் கெடக்கா. ஒரே ஒரு வாசலை மட்டும் தொறந்து விடச் சொல்லுங்க."

அவள் ஏதோ நன்றி சொல்கிறாள் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அமைச்சர் சிரித்த முகம் மாறாமல் அவள் காதருகே குனிந்தார்.

"என்னம்மா நீ, இவ்வளவு படிச்சும் புரியாம பேசுற? ராசாவுக்கே காய்ச்சல்னு நேத்துதான் பக்கத்து நாட்டுக்குக் கப்பல் ஏத்தி விட்டோம். அங்க ஆஸ்பத்திரிக்கு வாசல் இருக்காம்."