டிரம்மும் டிஸ்க்கும் வலது காலும்

"ஆறு நாளா உங்க கார் ஸ்டாண்டு மேல நிக்குது, நான் கால் மேல நிக்கிறேன்! நான் லைசென்ஸ் வாங்கி ஒரு மாசமாச்சு. சாவியை எப்பத்தான் தருவீங்க?"

காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்கள் மனைவிக்குப் பதில் சொல்லின. "டிஸ்க் பிரேக் மாட்டினதும் தர்றேன்னு சொன்னேன்ல?"

பாதங்களுக்குச் சொந்தக்காரர் சரித்திர வாத்தியார். கார் அவரைவிட இரண்டு வயது மூத்தது. பின்சக்கர டிரம் பிரேக்கைக் கழற்றிக் கடாசிவிட்டு டிஸ்க் மாட்டப்போவதாக ஊரெல்லாம் முழங்கியிருந்தார், முக்கியமாகச் சகலையிடம். அந்த மனுஷன் போன தடவை காரை 'சக்கரம் வெச்ச பீரோ' என்று சொல்லிவிட்டாரே!

ஞாயிறு காலை வேலை முடிந்தது. தெருவில் ஓட்டினார். மிதித்தார். நின்றது. எப்படி நின்றது! தலைமையாசிரியரைக் கண்ட வகுப்பு மாதிரி நின்றது!

"அப்ப இப்பவே எங்க அக்கா வீட்டுக்குப் போவோம். உங்க சகலையும் பார்க்கட்டும்," என்றாள் மனைவி. "சாவி குடுங்க, நான் ஓட்டுறேன்."

"புது பிரேக்கும்மா. முதல்ல என் காலுக்குப் பழகணும்."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வருஷம் ஆகும்."

அவள் சிரித்தபடியே முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்தாள். அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

அக்கா வீடு செங்குத்தான மேட்டில். வாசலிலேயே சகலை. கார் ஜம்மென்று நின்றது. வாத்தியார் கைபிரேக்கை இழுத்தார். அது வெந்த கீரைத்தண்டாகத் துவண்டு கையோடு வந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார், கார் பின்னால் உருண்டது. அலறி மிதித்தார். கியரில் போட்டார், கிழட்டுக் கியர் டொக்கென்று தானே கழன்றுகொண்டது.

"என்னடி இது!"

"கைபிரேக் பழைய டிரம்முக்குள்ளதானே இருந்துச்சு? டிஸ்க்குன்னா அதைத் தனியா வாங்கி மாட்டணுமாம். டிஸ்க் வந்த பெட்டியில இருந்த பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கு."

"படிச்சியா? ஏன் சொல்லலை?"

"படிச்சுக் காட்டவான்னு கேட்டேன். 'நட்டு போல்ட்டுக்கு எதுக்குடி இங்கிலீஷு'ன்னீங்க."

"தெரிஞ்சும் ஏன் இங்க வரச் சொன்னே?"

"இங்கதானே மேடு இருக்கு."

இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் நின்ற அக்கா புருஷனிடம் சொன்னாள். "வாங்க அத்தான், சாப்பிடலாம். அவர் காலைப் பழக்கிட்டு இருக்காரு."

உள்ளே தட்டு வைக்கும் சத்தம். சகலையின் சிரிப்பு. பிரேக்கை விடாமல் மிதித்திருந்த வாத்தியாரின் வலது கால் மரத்துப்போயிற்று. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சாவியை நீயே வெச்சுக்கோம்மா! இனிமே நீயே ஓட்டு! யாராவது வந்து சக்கரத்துக்கு அடியில ஒரே ஒரு கல்லு வைங்களேன்!"