விருந்தினர் சாருக்கு வணக்கம்

மின் அதிகாரி பேசிய ஒவ்வொரு வார்த்தையும் கொஞ்சம் தாமதமாக அவரிடமே திரும்பி வந்துகொண்டிருந்தது.

"எர்த் ஃபால்ட்டுன்னா என்ன?" என்று கேட்டார். "ஃபால்ட்டுன்னா என்ன?" என்று கணினியும் அவர் குரலிலேயே கேட்டது.

அவருக்குக் கோபம் ஏறியது. கப்பல் கப்பலாக ஜெனரேட்டர்களை அதட்டி வேலை வாங்கிய மனிதர் அவர். விடுமுறையில் வந்திருந்தவரை, மின் அதிகாரிகளாகக் கப்பலேறப் போகும் புதியவர்களுக்கு வீட்டிலிருந்தே ஆன்லைனில் பாடம் எடுக்கச் சொல்லியிருந்தது கம்பெனி. ஒழுங்காக எடுத்தால் கரையிலேயே பயிற்சியாளர் வேலை. இல்லையென்றால் அடுத்த மாதமே மறுபடி கடல். புதிதாக வந்திருக்கும் பயிற்சித் தலைவர் ஏதாவதொரு வகுப்பில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்காருவார் என்றும் சொல்லியிருந்தார்கள். வீட்டில் அவர் அந்தக் கரை வேலையைப்பற்றி மூச்சு விடவில்லை. வேலை கிடைத்த பிறகு மனைவியிடம் சொல்லி அசத்த வேண்டும் என்பது திட்டம்.

தலைவர் யாரென்று முதல் வகுப்பிலேயே அவர் மோப்பம் பிடித்துவிட்டார். முகம் காட்டாமல், வாய் திறக்காமல், 'விருந்தினர்' என்ற பெயரோடு திரையில் ஒரு கறுப்புக் கட்டம். கேள்விகளை எழுத்தில் மட்டும் அனுப்பும். மேலதிகாரி கத்தினால் என்ன செய்வது என்று அன்றைக்குக் கேட்டது.

"அருமையான கேள்வி சார்," என்று குழைந்தார் இவர். "பதில் பேசக் கூடாது. ஒரு டீயை முன்னால வச்சிட்டுச் சும்மா நிக்கணும். கோபம் தானா இறங்கிடும்."

இன்றைக்கு அதே தலைவர் முன்னால் மானம் போய்க்கொண்டிருந்தது.

"யாருய்யா மைக்கைத் திறந்து வச்சிருக்கறது?"

கண்ணாடி போட்ட பையன் தான் இல்லை என்றான். எப்போதும் தலையாட்டுகிற பையன் தலையாட்டினான். அது ஆமாவா இல்லையா என்று விளங்கவில்லை. மூன்றாவதாக இன்று புதிதாகச் சேர்ந்த, முகம் காட்டாத ஒருவர், சளி பிடித்த குரலில் தன் மைக் மூடித்தான் இருந்தது என்றார்.

"சரி, இதையே பாடமா எடுத்துக்கங்க. கப்பல்ல எங்கேயோ கரன்ட் கசியுது, அதான் எர்த் ஃபால்ட். ஒவ்வொண்ணா அணைச்சுப் பாக்கணும். முதல்ல யாரோட கேபின்? நம்ம கேபின். திருட்டுத்தனமா கெட்டில் வச்சிருக்கறது நாமதான்."

சொல்லிவிட்டு முதலில் கண்ணாடிக்காரனை வெளியேற்றினார். எதிரொலி நின்றபாடில்லை. தலையாட்டியை வெளியேற்றினார். எதிரொலி இன்னும் தெளிவாகக் கேட்டது.

கோபம் வீட்டின் மேல் திரும்பியது. வாஷிங் மெஷின்தான் இடைஞ்சல் என்று முடிவுகட்டி, ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக அணைக்கும்படி மைத்துனனைப் பார்த்துக் கத்தினார். வகுப்புக்கான இணைப்பை அமைத்துக் கொடுத்ததும் அந்த மைத்துனன்தான். மெஷின் பாதித் துவையலில் நின்று தரையெல்லாம் நுரையைக் கக்கியது. மின்விசிறி நின்றது. அடுத்த ஸ்விட்சில் இன்டர்நெட் செத்து, வகுப்பே காணாமல் போனது.

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அடுப்படியிலிருந்து மனைவி வந்தாள். பேசாமல் ஒரு டீயை முன்னால் வைத்தாள். கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். போய்விட்டாள். இப்போதெல்லாம் அவள் எதிர்த்துப் பேசுவதே இல்லை. ஒருவழியாகத் தன்னைக் கண்டு பயப்படக் கற்றுக்கொண்டாள் என்று அவருக்கு உள்ளூரத் திருப்தி.

இன்டர்நெட் ஸ்விட்சை மட்டும் திரும்பப் போடவைத்து, வியர்க்க வியர்க்க மறுபடி வகுப்புக்குள் நுழைந்தார். எதிரொலி வரவேற்றது.

"சார்," என்றது சளிக்குரல். "நீங்க போனப்ப விருந்தினரும் போனாரு. நீங்க வந்ததும் அவரும் வந்துட்டாரு. அந்த மைக்கைத்தான் கொஞ்சம் பாக்கணும்."

அவருக்குக் கண் சிவந்தது. "யாரைக் குத்தம் சொல்றீங்கன்னு தெரியுதா? பல்பு மாட்டக்கூட லாயக்கில்லாத ஆளுங்களை எல்லாம் எனக்கு அனுப்பறாங்க. போங்கய்யா வெளியே."

அவரையும் தூக்கிவிட்டு, கறுப்புக் கட்டத்தின் முன் கைகூப்பினார். "மன்னிக்கணும் சார். எல்லாம் அரைவேக்காடுங்க."

விருந்தினர் எழுதினார்: 'வீட்டிலும் இப்படித்தான் கத்துவீர்களா?'

தலைவரிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கத்துவேன் சார். கப்பல்ல ஒரு விளக்கு அணைஞ்சாலும் என்னைத்தான் தேடுவாங்க. இங்க நான் இல்லாமலே எல்லாம் நல்லா ஓடுது. அது தாங்கல. அவ மேல ஒரு தப்பும் இல்ல சார். இந்த வேலை கிடைச்சா வீட்டோட இருந்து பழகிக்குவேன்."

"பழகிக்குவேன்," என்றது எதிரொலி.

கைபேசி சிணுங்கியது. கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி: 'பழுதைச் சரியாகச் சொன்ன சளிக்காரன் நான்தான், பயிற்சித் தலைவர். அடுத்த கப்பலுக்குப் பெட்டியைக் கட்டுங்கள்.'

அவர் அதைத் திரும்பவும் படித்தார். திரையைப் பார்த்தார். கறுப்புக் கட்டம் இன்னும் அங்கேயே இருந்தது.

"அப்ப நீ யாருய்யா?" என்று கத்தினார்.

கதவு திறந்தது. முழங்கால் வரை நுரையோடு மைத்துனன் எட்டிப் பார்த்தான்.

"மாமா, கோபம் இறங்கிடுச்சா, இல்ல இன்னொரு டீ போடணுமான்னு அடுப்படியிலிருந்து விருந்தினர் சார் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."