இடது காலு பச்சை, வலது காலு செவப்பு

போன வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கோட்டாறுக்குப் போய் ஷூ வாங்கணும். அவ்வளவுதான்.

காரணம் ரெண்டு. ஒண்ணு, புதுசா ஜிம்முல சேர்ந்திருக்கேன். மொத நாள் வீட்டுச் செருப்போட போய் நின்னேன். டிரெயினர் கும்பிடாத குறை.

"டீச்சர், இதப் போட்டுட்டு டிரெட்மில்லுல ஏறினா செருப்பு ஒரு பக்கம் போவும், நீங்க ஒரு பக்கம் போவிய. ஷூவோட வாங்க."

ரெண்டாவது காரணம்தான் மானப் பிரச்சனை. சனிக்கிழமை காலையில எங்க ஸ்கூல் டீச்சர்மார் எல்லாரும் இராஜாக்கமங்கலம் கடற்கரை ரோட்டுல ஓடுறதா முடிவாச்சு. அதுக்கு எங்க பி.இ.டி. சார் ஸ்டாஃப் ரூம்ல வச்சு, என் முன்னாலேயே, "கணக்கு டீச்சருக்கு ஒரு சேர் போட்டிருவோம். உக்காந்து கை தட்டட்டும்"னார்.

எல்லாருக்கும் ஒரே சிரிப்பாணி!

அன்னைக்கே முடிவு பண்ணேன். ஓடியே தீரணும்!

சும்மா போய் வாங்குற ஆளா நான்? உக்காந்து வீடியோவா பாத்துத் தள்ளினேன். ஓடுறதுக்கு அடிப்பாகம் மெத்து மெத்துன்னு இருக்கணுமாம். வெயிட் தூக்குறதுக்கு தட்டையா, கெட்டியா இருக்கணுமாம். சாயங்காலம்தான் வாங்கணுமாம், அப்பதான் காலு வீங்கி சரியான அளவுல இருக்குமாம். முக்கியமா, கடையிலேயே ஓடிப் பாத்து வாங்கணுமாம்.

இந்தக் கடைசி யோசனையச் சொன்னவன் மட்டும் என் கையில கெடச்சான்னா!

துணைக்கு மைனியக் கூட்டிட்டுப் போனேன். என் வீட்டுக்காரரோட அக்கா. கடைக்குள்ள நுழைஞ்சதும் கேட்டாவ, "ஏட்டி, ஓடுறதுக்கு ஒரு ஷூ, தூக்குறதுக்கு ஒரு ஷூவா? அப்போ உக்காருறதுக்கு?"

நான் நேரா ஷூ அடுக்குகிட்ட போனேன். படிச்சவ இல்லியா!

கடையில இருந்த பொண்ணு ரெண்டு பெட்டிய எடுத்து வச்சுது. ஓடுற ஷூ கிளிப்பச்சை. ஜிம் ஷூ நல்ல செவப்பு. இங்கதான் என் கணக்கு மூளை வேலை செஞ்சுது. ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தா எப்படி ஒப்பிட முடியும்? இடது கால்ல பச்சை, வலது கால்ல செவப்பு. ஒரே ஓட்டத்துல ரெண்டுக்கும் விடை!

கடைக்குள்ளேயே ஓடினேன். மூணாவது எட்டுல குடை அடுக்கி வச்சிருந்த ஸ்டாண்டு மேல போய் மோதிட்டேன். குடையெல்லாம் சரிஞ்சுது. ஒண்ணு தானா விரிஞ்சும் போச்சு.

அந்தப் பொண்ணு அதையெல்லாம் பெறக்கிக்கிட்டே, "டீச்சர், வேணும்னா வெளியில செத்த நடந்து பாருங்களேன்"னுது.

நடந்து பாருங்கன்னுதான் சொல்லிச்சு. அத நான் மறுக்கல.

கைப்பைய மைனிகிட்ட குடுத்துட்டு எறங்கினேன். அதிசயமா தெருவுல ஒரு வண்டி கெடையாது. பையப் பைய நடந்தேன். அப்புறம் வேகமா நடந்தேன். அப்புறம் சனிக்கிழமைய நெனச்சேன்... ஓடிட்டேன்!

பச்சை மெத்தை மாதிரி தூக்குது. செவப்பு பலகை மாதிரி அடிக்குது. ஒரு காலு ஒசரம், ஒரு காலு கட்டை. நான் நொண்டி நொண்டித்தான் ஓடுதேன், ஆனா மனசுக்குள்ள குதிரை!

இதுக்கெடையில டீ குடிக்கப் போயிருந்த கடை செக்யூரிட்டி திரும்பி வந்திருக்கார். அவர் பாத்தது என்ன? கடை ஷூவோட, விலை அட்டை பறக்க, ஒரு பொம்பள ஓடுதா.

"ஏம்மா! நில்லும்மா!"

வேற யாரையோ கூப்பிடுதாருன்னு நெனச்சேன்.

அடுத்து பொறத்த, முதுகுக்குப் பின்னால, தடதடன்னு சத்தம். அந்தத் தெருவுல பொறத்த ஓடி வந்தா எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஓர்மை வரும். நாய்! திரும்பிப் பாக்கவே இல்ல. எடுத்தேன் பாருங்க ஓட்டம்!

"புடி! புடி!"ங்குது குரல். நாயத்தான் புடிக்கச் சொல்லுதாவன்னு எனக்கு ஒரே நிம்மதி.

கடைசியில மட்டிப்பழ வண்டிக்காரர் ஒருத்தர் வண்டிய குறுக்க தள்ளி நிறுத்திட்டார். பழக்குலையப் புடிச்சிக்கிட்டு நின்னேன். செக்யூரிட்டி வந்து சேந்தார். ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது.

நான்தான் மொதல்ல கேட்டேன். "போயிட்டுதா?"

"எது?"

"நாய்! என்னையத் தொரத்துனது!"

அவர் நெத்தி வேர்வையத் தொடச்சார். "நான்தாம்மா அது."

அப்பதான் கீழ பாத்தேன். ஒரு பச்சை, ஒரு செவப்பு. ரெண்டுலயும் விலை அட்டை. கையில பையில்ல, காசில்ல, போனுமில்ல. சுத்தி கூட்டம். கூட்டத்துல ஒரு அம்மா பக்கத்துல நின்னவங்ககிட்ட, "நம்ம கணக்கு டீச்சர்லா இது?"ன்னு மெதுவா கேக்குது. மெதுவான்னா, தெரு முழுக்க கேக்குற மெதுவு.

"என் மைனி கடையிலதான் இருக்காவ, வந்து கேளுங்க"ன்னு ஊர்வலமா கூட்டிட்டு வந்தேன். மைனியக் காணல! பக்கத்துக் கடையில நைட்டி பாக்கப் போயிட்டாவ. அந்தப் பொண்ணு மாடியில குடோன்ல நிக்குது. அப்பதான் கல்லாவுல வந்து உக்காந்த அண்ணாச்சி என் காலையே உத்துப் பாத்து, "ஷூ நம்ம கடைதான்"னார். அது எனக்கும் தெரியுமே!

அப்போ பொறத்தயிருந்து ஒரு குரல். "என்ன கூட்டம்? கள்ளனப் புடிச்சாச்சா? வழி விடுங்க, நானும் ஒண்ணு போடுதேன்!"

மைனி! கைப்பைய ஓங்கிக்கிட்டே முன்னால வந்தாவ. ஓங்கின பை அப்படியே நின்னுது.

"ஏட்டி... நீயா?"

அதுக்குள்ள அந்தப் பொண்ணும் படியெறங்கி ஓடி வந்து, "அண்ணாச்சி, நான்தான் வெளியில நடந்து பாக்கச் சொன்னேன்"னு சாட்சி சொல்லிச்சு. கூட்டம் ஏமாந்து போய் கலைஞ்சுது. செக்யூரிட்டி பாவம், கையெடுத்துக் கும்பிட்டார்.

"மனசுல வச்சிக்காதீங்க டீச்சர். ஆனா ஒண்ணு. கொள்ளாம், நல்லா ஓடுதிய! என்னால புடிக்க முடியல."

இத்தனை கேவலத்துக்கு நடுவுலயும் எனக்கு குளுந்து போச்சு பாருங்க!

பரிசோதனையும் வீண் போகல. செவப்பு போட்ட குதிகால் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. பச்சை போட்டது ஜம்முனு இருந்துது. அப்போ பச்சை ரோட்டுக்கு, செவப்பு ஜிம்முக்கு. வீடியோக்காரங்க சொன்னதேதான். வீட்டுல இருந்தே நம்பியிருக்கலாம். ரெண்டையும் வாங்கிட்டேன்.

சனிக்கிழமை முழு தூரமும் ஓடி முடிச்சேன். பி.இ.டி. சாரே அசந்துட்டார். "சூப்பர் டீச்சர்! ஆனா எதுக்கு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓடினிய?"

சும்மாதான் சார்னு சொல்லிட்டேன்.

இப்போ தெனமும் ஓடுதேன். தண்ணி பாட்டில எடுக்க மறந்தாலும், ஷூ பில்ல எடுக்க மறக்கிறதில்ல.